ஏழு மணி பஸ்

அந்த மின்னஞ்சலில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படிக்கும் முன்பே அது யார் யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்றுதான் பார்த்தேன். ‘டு’ என்ற இடத்தில் எங்கள் டெஸ்ட் லீடின், அதாவது மென்பொருளைச் சோதிக்கும் குழுவின் தலைவருடைய, பெயர் மட்டும் இருந்தது. நகல் போகும் ‘சிசி’யில் 9 பெயர்கள்: என் மேலாளர், அவருடைய மேலாளர், வாடிக்கையாளர் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு பேர், இன்னும் சிலர், கடைசியில் நான். மென்பொருள் நிறுவனங்களில் நாலைந்து வருடம் வேலை பார்த்த எவருக்கும் இந்த வரிசையைப் படிக்கத் தெரியும். ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைப்பவர் ஒன்பது பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

மின்னஞ்சல் நான்கே வரிகள்தான். இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக டெஸ்ட் லீட் தினசரி அழைப்பில் கலந்துகொள்ளவில்லை என்றும், முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை என்றும், திட்டத்தின் முக்கியமான கட்டத்தில் அவருக்குக் ‘கமிட்மென்ட்’ குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்றும், உரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அனுப்பியவர் எங்கள் ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர், திருநெல்வேலிக்காரர், இங்கிலாந்தின் வட பகுதியில் வாடிக்கையாளர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தவர். யாரைப் பற்றி எழுதினாரோ அந்தப் பெண் சோழிங்கநல்லூரில் என் இருக்கைக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். எட்டு வருட அனுபவம் உள்ளவர். ஜூன் மாதத்திலிருந்து நான் பார்த்த வரையில், அவர் ‘சரி’ என்று சொன்ன ஒரு பில்ட், அதாவது சோதனைக்கு வரும் மென்பொருள் பதிப்பு, மறுநாள் உடைந்ததே இல்லை. நடந்தது 2014 நவம்பர் இரண்டாவது வாரம்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய பாலிசி மென்பொருளைப் புதிதாக எழுதிக் கொடுக்கும் திட்டம் அது. சென்னையில் 14 பேர், இங்கிலாந்தில் 2 பேர். சென்னைக் குழுவுக்கு நான் பொறுப்பு. நான் அப்போது என்னென்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவற்றில் ஒன்றும் உதவவில்லை, சில கெடுதலும் செய்தன.

முதலில் பஞ்சாயத்துப் பேசினேன். இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசி, இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்படிக் கொண்டுபோகும்போது கூர்மையான சொற்களை மழுக்கிவிடுவதுதான் முதிர்ச்சி என்று நினைத்தேன். ‘அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது’ என்று டெஸ்ட் லீட் சொன்னது ‘கொஞ்சம் வருத்தமாக இருக்கிறார்’ என்று கடலைத் தாண்டியது. ‘அவர் வேலையைத் தட்டிக்கழிக்கிறார்’ என்று அங்கிருந்து வந்தது ‘டென்ஷனில் இருக்கிறார், விடுங்கள்’ என்று இங்கே இறங்கியது. நாலு நாளில் இருவருக்கும் இது புரிந்துவிட்டது. நான் சொல்வதில் எது அவர்களுடைய சொல், எது என் சொல் என்று தெரியாததால் இருவரும் என்னையும் நம்புவதை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு இடையில் இருந்த பிரச்சினையை மூன்று பேருக்கு இடையிலான பிரச்சினையாக வளர்த்துவிட்ட பெருமை எனக்கு உண்டு.

பிறகு எல்லோரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனோம். கயிறு இழுத்தோம், பலூன் உடைத்தோம், மாமல்லபுரம் வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். சண்டை இருந்த இருவரில் ஒருவர் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதன்பின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பயிற்சி. குழுக்கள் நான்கு கட்டங்களைக் கடந்து வருகின்றன, அவற்றில் இரண்டாவது மோதல் கட்டம், அதைக் கடந்துவிட்டால் இணக்கமும் செயல்திறனும் தாமாக வரும் என்ற அந்தப் புகழ்பெற்ற படத்தைக் காட்டினார்கள். புரூஸ் டக்மன் 1965இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த படம் அது. பிற்பாடு அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டக்மன் பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மனநலச் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அலுவலகத்தில் கெடுவோடு வேலை செய்யும் குழுக்களைப் பற்றியவை சொற்பம். அவர் மீது குறையில்லை. தன் வரம்புகளை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும் மேலாளர் ‘இது ஒரு கட்டம்தான், தானாகப் போய்விடும்’ என்று ஆறுதல் அடைந்துவிடுகிறார். நானும் அடைந்தேன். அந்த ஆறுதலில் இன்னும் ஒரு வாரம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை இரவு, டெப்ளாய்மென்ட் முடிவதற்காகக் காத்துக்கொண்டு இணையத்தில் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் மூன்றாவது குழுவைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. ‘விண்வெளியில் வேலைநிறுத்தம்’ என்ற பெயரில் அது பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வருகிறது. பணி மிகுதியால் வெறுத்துப்போன மூன்று விண்வெளி வீரர்கள் வானொலியை அணைத்துவிட்டு ஒருநாள் முழுக்க ஹூஸ்டனில் இருந்த தரைக் கட்டுப்பாட்டு மையத்துடன் பேச மறுத்தார்கள் என்பது கதை. அந்தக் குழுவில் இருந்த எட்வர்ட் கிப்சன் பின்னாளில் இதைத் திட்டவட்டமாக மறுத்திருக்கிறார். தரையோடு பேச வேண்டிய ஒரு நேரத்தைத் தவறுதலாகத் தவறவிட்டது மட்டுமே உண்மை, மற்றது கட்டுக்கதை. ஆனால் வேலைநிறுத்தம் இல்லாவிட்டாலும் சச்சரவு இருந்தது. என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தச் சச்சரவுதான்.

ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் ஆகிய மூவரும் 1973 நவம்பர் 16 அன்று புறப்பட்டார்கள். மூவருக்கும் அதுதான் முதல் விண்வெளிப் பயணம். கடைசியில் 84 நாட்கள் தங்கினார்கள். அதற்கு முன் எவரும் அவ்வளவு காலம் அங்கே இருந்ததில்லை. முதல் நாளிலேயே போக்குக்குக் குமட்டி வாந்தி வந்தது. புதிதாகப் போகிறவர்களில் பலருக்கும் நேர்வதுதான். ஆனால் அதைத் தரைக்குச் சொன்னால் பெரிதாகிவிடும் என்று மூவரும் தங்களுக்குள் பேசி, சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் மறந்துபோன ஒன்று, அந்தப் பேச்சே கலத்தின் ஒலிப்பதிவில் பதிவாகிக்கொண்டிருந்தது என்பது. தரைக்கு வந்த பதிவைக் கேட்டவர்கள் மேலே சொன்னார்கள். விண்வெளி வீரர்கள் பிரிவின் தலைவராக இருந்த ஆலன் ஷெப்பர்ட் மறுநாள் அந்தக் குழுவைக் கண்டித்தார், அதுவும் பத்திரிகையாளர்கள் கேட்கக்கூடிய திறந்த இணைப்பில். கார் தன் தவறை ஒப்புக்கொண்டார்.

அங்கிருந்து ஆறு வாரம் நிலைமை மெல்ல மெல்லக் கெட்டது. அவர்களுக்கு முன் போன குழு 59 நாட்கள் தங்கி, திட்டமிட்டதைவிட மிக அதிகமாக வேலை செய்து, இன்னும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிச் செய்த குழு. அந்தக் குழு கடைசியில் எட்டியிருந்த வேகத்தைத்தான் புதிய குழுவுக்கு ஆரம்ப வேகமாக வைத்து நேர அட்டவணை எழுதினார்கள். எடையற்ற நிலையில் ஒரு கருவியை எடுத்து இன்னோரிடத்தில் வைக்கப் பழகுவதற்கே நாட்கள் பிடிக்கும். எந்தப் பொருள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுவதற்கே பாதிப் பொழுது போகும். அட்டவணையில் அதற்கெல்லாம் இடமில்லை. ஒரு வேலை பிந்தினால் அடுத்ததும் பிந்தியது, அவசரத்தில் பிழைகள் வந்தன, பிழைகளைச் சரிசெய்ய ஓய்வு நாள் போனது. கீழே இருந்தவர்கள் இந்தக் குழு மந்தம், எரிச்சல்காரர்கள் என்று நினைத்தார்கள். மேலே இருந்தவர்கள் ஹூஸ்டன் தங்களை இயந்திரமாக நினைக்கிறது என்று நினைத்தார்கள். இரு பக்கமும் மற்றவர் குணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது. அட்டவணையை இரு பக்கமும் சேர்ந்து எடுத்துப் பார்க்கவில்லை. டிசம்பர் 30ஆம் தேதி மனம்விட்டு ஒரு நீண்ட உரையாடல் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் வேலை வைக்காதீர்கள், இரவு உணவுக்குப் பிறகு எங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள், அன்றாடச் சில்லறை வேலைகளுக்கு மணி குறிக்காமல் ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள், நேரம் கிடைக்கும்போது நாங்களே செய்துகொள்கிறோம் என்று குழு கேட்டது. தரை ஒப்புக்கொண்டது. அதன்பின் வேலை ஓடியது. 1974 ஜனவரி 21 அன்று சூரியனில் ஒரு பெருஞ்சுடர் கிளம்புவதை அதன் தொடக்கத்திலிருந்தே கிப்சன் படம்பிடித்தார். மணிக்கணக்கில் ஒரு கருவியின் முன் பொறுமையாகக் காத்திருந்தால்தான் அது வாய்க்கும்.

ஆறு வாரம் ஏன் ஒருவரும் இதை மனம்விட்டுப் பேசவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. வேலைப்பளு அதிகம் என்று சொல்வதற்கு மூன்று நிமிடம் போதும். என் ஊகம் இது: முதல் நாள் கிடைத்த அந்தக் கண்டிப்பிலிருந்து குழு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஷெப்பர்ட் கற்பிக்க நினைத்த பாடம் ‘மறைக்காதீர்கள்’ என்பது. எல்லோரும் கேட்கும் இடத்தில் குட்டு வாங்கியவர்களுக்கு அது ‘குறை சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்’ என்று கேட்டிருக்கும்.

அந்த இரவே உட்கார்ந்து எங்கள் திட்டத்தின் மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். ஜூன் முதல் அக்டோபர் வரை இருவருக்கும் இடையில் போன கடிதங்கள் சாதாரணமாக இருந்தன. சிலவற்றில் நகைச்சுவைகூட இருந்தது. தீபாவளி 22ஆம் தேதி, புதன்கிழமை. பெரும்பாலானோர் வார இறுதி வரை விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். 27ஆம் தேதி திங்கட்கிழமை திரும்பினார்கள். முதல் காரமான மின்னஞ்சல் 29ஆம் தேதி. அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்துவிட்டது என்று நாட்காட்டியைப் பார்த்தேன். இங்கிலாந்தில் அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தியிருந்தார்கள்.

எங்கள் தினசரி அழைப்பு அவர்கள் ஊர் நேரத்தில் மதியம் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. கோடையில் அது நமக்கு மாலை 6.30. அழைப்பு இருபது நிமிடத்தில் முடியும், ஏழு மணிக்கு அலுவலக பஸ் கிளம்பும், டெஸ்ட் லீட் தாம்பரத்தில் இறங்கி மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கடிகாரம் மாறியதும் அதே இரண்டு மணி நமக்கு 7.30 ஆகிவிட்டது. நாட்காட்டி மென்பொருள் தானாகவே எல்லோருடைய திரையிலும் அழைப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டது. அழைப்பின் நேரத்தை மாற்றலாம் என்று ஒரு மனிதர்கூட முடிவெடுக்கவில்லை. ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பது மணிக்கு.

என்னிடம் பைக் இருந்தது. எனக்கு 6.30ம் 7.30ம் ஒன்றுதான். ஐந்து மாதம் அந்த ஏழு மணி பஸ்ஸுக்காக ஜன்னலோரம் ஆட்கள் பையை மாட்டிக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்கு ஒரு விண்வெளி நிலையம் தேவைப்பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு, அங்கே காலை பதினொன்றுக்கு, மூவரும் பேசினோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: ஒருவரைப் பற்றி ஒருவர் எதுவும் சொல்லக்கூடாது, காலையில் அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை தன்னுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். டெஸ்ட் லீட் முதலில் பேசினார். “ஏழு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஒன்பதுதாங்க. வீடு போய்ச் சேர பத்தரை ஆயிடும். பையன் பக்கத்து வீட்ல சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்” என்றார். அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “ஏழரைன்னு தெரியும்ங்க. எல்லாரும் எட்டு எட்டரை வரைக்கும் இருப்பீங்கன்னுல்லா நெனச்சேன். பஸ் இருக்குன்னே எனக்குத் தெரியாது” என்றார் திருநெல்வேலிக்காரர். அவர் இதற்குமுன் வேலை செய்தது வேறு வளாகத்தில், அலுவலகத்துக்கு நடந்து போகும் தொலைவில் வீடு.

அவருடைய நாளைக் கேட்டபோது டெஸ்ட் லீடின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தினமும் மூன்று மணிக்கு அவர் வாடிக்கையாளரின் இரண்டு மேலாளர்கள் முன் தனியாக உட்கார வேண்டும். நேற்று கொடுத்த பில்டில் எத்தனை டெஸ்ட் தேறியது என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. இரண்டு மணி அழைப்பில் டெஸ்ட் லீட் சொல்வதை வைத்துத்தான் அவர் பதில் சொல்லி வந்தார். நவம்பரில் அந்தப் பதில் நின்றுவிட்டது; ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு வாரம் சமாளித்தார்; அதற்குமேல் அவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில், மனைவியையும் கைக்குழந்தையையும் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு வந்திருந்த மனிதர் அந்த அவமானத்தைப் பகிர்ந்துகொள்ள அங்கே ஆளில்லை. அவர் பார்வையில் அழைப்பு எப்போதும் இரண்டு மணிக்குத்தான் இருந்தது, அதில் எந்த மாற்றமும் இல்லை. அப்படியிருக்க, ஐந்து மாதம் தவறாமல் வந்தவர் தீபாவளி முடிந்ததும் திடீரென்று வருவதை நிறுத்திக்கொண்டார். டெஸ்ட் லீட் பார்வையில் அழைப்புதான் திடீரென்று நகர்ந்தது, சரியாக பஸ் போன அரை மணி நேரம் கழித்து. செப்டம்பரில் ஒரு பில்டை வாடிக்கையாளர் முன்னிலையிலேயே தேறவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதற்குப் பழி வாங்கவே ஆன்சைட்டில் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று அவர் முடிவு செய்திருந்தார். இருவருமே தங்களுக்குத் தெரிந்ததை வைத்து நியாயமான முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

‘இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை’ என்று பின்னர் டெஸ்ட் லீடிடம் தனியாகக் கேட்டேன். அவர் சொன்ன காரணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முந்தைய திட்டத்தில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் சீக்கிரம் கிளம்பியதை அந்த வருடத்துப் பணி மதிப்பீடான அப்ரைசலில் நாசூக்காக நினைவுபடுத்தியிருக்கிறார்கள். அதன்பிறகு அலுவலகத்தில் மகனைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார். ‘பஸ்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘ஏன் ஒன்பது மணி பஸ்ஸில் போகக்கூடாது’ என்பதாக இருக்கும். அதற்குப் பதில் மகன். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல உறவும் நல்ல தலைமையும் உள்ள குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாகப் பதிவாகியிருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடியிருக்கிறார், கிடைத்தது நேர்மாறு. நல்ல குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம். பிழையைச் சொன்னால் தலை போகாது என்று தெரிந்ததால் அங்கே சொன்னார்கள், மற்ற இடங்களில் சொல்லவில்லை என்று அவர் விளக்கினார். எங்கள் குழுவில் பல மாதங்களாக ஒரு புகாரும் வரவில்லை என்று நான் மாதாந்திர அறிக்கையில் பெருமையாக எழுதி வந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

அழைப்பை அவர்கள் நேரத்தில் 12.30க்கு மாற்றினோம், நமக்கு மாலை ஆறு மணி. டெஸ்ட் முடிவுகளை 5.45க்குள் எல்லோரும் பார்க்கும் ஒரு தாளில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. எந்தக் காரணத்தால் யார் வராவிட்டாலும் மூன்று மணிக்கு அவர் கையில் ஓர் எண்ணிக்கை இருக்கும். ஒரு வாரத்தில் வேலை சீராகிவிட்டது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. திருநெல்வேலிக்காரர் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். அதில் பொய்யில்லை என்று டெஸ்ட் லீடே சொன்னார். ஆனால் அவர் கேட்டது வேறு. “ஒன்பது பேர் முன்னாடி சொன்னத ஒருத்தர்கிட்ட மட்டும் வாபஸ் வாங்கினா எப்படிங்க?” என்றார். எனக்கு அப்போது இது சற்று அதிகப்படியாகத்தான் பட்டது. சாம்பலைக் கிளற வேண்டாமே என்று இழுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் கணக்கு சரியாக இருந்தது. டிசம்பர் வந்துகொண்டிருந்தது. எங்கள் நிறுவனத்தில் ‘பெல் கர்வ்’ முறை இருந்தது. ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை சதவீதம் பேரைக் கடைசி வரிசையில் வைத்தே ஆக வேண்டும். எல்லோரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாரையாவது கீழே தள்ள வேண்டியிருக்கும். அப்படி ஆள் தேடும் வேளையில் என் மேலாளரின் மேலாளருக்கு இந்தப் பெண்ணைப் பற்றி நினைவில் இருக்கப்போகும் ஒரே சொல் ‘கமிட்மென்ட்’. பஸ் நேரத்தைச் சரிசெய்ததால் அந்தச் சொல் அழிந்துவிடவில்லை. ஒரு குழுவில் நான்கு பேர் உயர்வுக்கும் ஒருவர் தாழ்வுக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அதே குழுவிடம் ஒற்றுமையைப் பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்துகிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

திருநெல்வேலிக்காரர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அதே ஒன்பது பேருக்கும் நான்கு வரி எழுதினார்: கடிகார மாற்றத்தால் அழைப்பு நேரம் சென்னையில் ஒரு மணி நேரம் தள்ளிப்போனதில் ஏழு மணி பஸ் தவறிவிடும் என்பது தனக்குத் தெரியாது, டெஸ்ட் லீடைப் பற்றி முன்பு எழுதியது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். நான்கு வருடம் கழித்து, 2018 செப்டம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டபோது இந்த நான்கு வரிகள் எனக்கு நினைவு வந்தன. எந்த மின்னஞ்சல் குழுவில் பல வருடங்கள் சக நிரலாளர்களைத் திட்டித் தீர்த்தாரோ அங்கேயே, எல்லோரும் படிக்கும்படி, தான் நடந்துகொண்ட விதம் தவறு என்று எழுதிவிட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அவர் முழுவதும் மாறிவிட்டாரா என்பது வேறு விவாதம். மன்னிப்பு போய்ச் சேர வேண்டிய முகவரியை அவர் சரியாக எழுதினார்.

எல்லாச் சண்டைக்குப் பின்னாலும் ஒரு பஸ் இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. பஸ்ஸைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. 2017இல் வேறொரு திட்டத்தில் ஒரு மூத்த டெவலப்பர் இருந்தார். மிகத் திறமைசாலி. இளையவர்கள் பகலில் எழுதிய நிரலை இரவில் உட்கார்ந்து மாற்றி எழுதிவிடுவார். காலை ஸ்டாண்ட்-அப்பில் எல்லோர் முன்னிலையிலும் “அத நான் ஃபிக்ஸ் பண்ணிட்டேன்” என்பார். எழுதியவருக்கு எது பிழை, ஏன் பிழை என்று தெரியாது. நான் வழக்கம்போல் வேலையின் அமைப்பில் காரணம் தேடினேன். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவியூ முறையை மாற்றினேன். ஒரு இளையவரை அவரோடு ஜோடியாக உட்கார வைத்தேன். யார் நிரலை யார் தொடலாம் என்று எல்லை வகுத்தேன். ஒவ்வொன்றையும் அவர் தாண்டினார், ஏனென்றால் அவருக்கு அந்தக் காலை நேரத்து ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அதைப் பொறுமை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்று இளைஞர்கள் வேலையை விட்டுப் போன பிறகுதான், அவரை எதிரில் உட்கார வைத்து, இது நிற்க வேண்டும், நிற்காவிட்டால் இந்தத் திட்டத்தில் நீங்கள் இல்லை என்று சொன்னேன். நிற்கவில்லை, இடம் மாற்றினோம். இதை இரண்டாவது மாதமே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்.

அந்த இளைஞர்கள் ஏன் அவரிடமே நேரில் கேட்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் எங்கள் ஊர் வழக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்காதவர்கள் பக்கத்து இருக்கைக்காரரை அண்ணன் ஆக்கிக்கொள்கிறார்கள். அதில் ஒரு இதம் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் அண்ணனைத்தான் எழுப்ப முடியும், சீனியர் டெவலப்பரை எழுப்ப முடியாது. ஆனால் அண்ணன் எழுதிய நிரலில் ‘இது தவறு’ என்று தம்பியால் எழுத முடிவதில்லை. ‘அண்ணா, இது எனக்குப் புரியல’ என்று எழுதுகிறான். அண்ணன் அதை உண்மையாகவே புரியாமை என்று எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்கிறார். உறவுச் சொல்லை விட்டுவிடச் சொல்வது அபத்தம், நானே விட மாட்டேன். ரிவியூவின்போது வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டேன். மூத்தவர் பேசிவிட்டால் அதற்குமேல் அங்கே பேச்சு இருக்காது.

இன்னொரு வகை இருக்கிறது. அதில் மேலாளர் கை வைக்கவே கூடாது. ஒரு பெண் தன்னிடம் ஒருவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொள்வதாகச் சொன்னால், அது குழுவுக்குள் மனத்தாங்கல் அல்ல, இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் விஷயமும் அல்ல. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரணையை முடிக்க 90 நாள் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. சமரசம் என்ற பேச்சையே பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டும்தான் எடுக்கலாம். அப்போதும் பணத்தை வைத்து எடுக்கக்கூடாது. ‘நல்ல பையன்தான், நான் பேசிப் பார்க்கிறேன்’ என்று சொல்லும் மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் உதவி செய்வதாகவே நம்பினார்கள்.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், மீதி நிற்பவற்றில் பெரும்பாலானவை பஸ் வகைதான் என்பது என் அனுபவம். இப்போது யாராவது என்னிடம் வந்து ‘அவரோடு வேலை செய்ய முடியாது’ என்றால், கடைசியாக எந்த வேலையில் முடியவில்லை, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்கிறேன். பலருக்கு இந்தக் கேள்வி எரிச்சலைத் தருகிறது, ஆறுதல் கேட்டு வந்தவரிடம் காவல் நிலையத்தில் கேட்பதுபோல் கேட்கிறேன் என்பார்கள். இருக்கலாம். தூது போவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டேன். எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அந்த வாரத்துக்குள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தாக வேண்டும். நான் அறையில் இருப்பேன், மொழிபெயர்க்க மாட்டேன். ஒரு மின்னஞ்சல் தொடர் மூன்றாவது பதிலைத் தாண்டினால் தொலைபேசியை எடுத்தாக வேண்டும் என்பதும், சிசியில் ஒரு புதிய பெயரைச் சேர்ப்பதற்குமுன் அந்த நபரிடம் நேரில் ஒருமுறை சொல்லியாக வேண்டும் என்பதும் எங்கள் குழுவில் எழுதப்படாத ஏற்பாடு. இரண்டாவதை நானே சில தடவை மீறியிருக்கிறேன்.

அந்தத் திட்டத்தில் இருந்த இருவரும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. டிசம்பர் அப்ரைசலில் டெஸ்ட் லீடுக்கு நியாயமான மதிப்பீடு கிடைத்தது, அழைப்புகள் ஒழுங்காக நடந்தன, இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. 2015 மார்ச் மாதம், மூன்றாவது வாரம் என்று நினைவு, டெஸ்ட் லீட் என் இருக்கைக்கு வந்து தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திருநெல்வேலிக்காரரிடமிருந்து வந்த மின்னஞ்சல். வரும் 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துகிறார்கள், அதற்குப் பிறகு 12.30 அழைப்பு உங்களுக்கு மாலை ஐந்து மணிக்கு வந்துவிடும், அதற்குள் உங்கள் டெஸ்ட் முடிந்திருக்குமா, இல்லை அழைப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கட்டுமா, பஸ் இன்னும் ஏழு மணிக்குத்தானே என்று கேட்டிருந்தார். சிசியில் யாரும் இல்லை, நான்கூட.